கோழிக்கு நாய் காவல், நாய்க்கு யாரு?

நாய் வித்த காசு குரைக்காதுன்னு நம்ம பக்கம் சொல்லுவாக. நீ அதுக்கும் ஒரு படி மேல போயிட்ட மாப்ள. காசு குடுத்து வாங்குன நாயையே குரைக்காம வச்சிருக்க. பெங்களூர்ல கம்ப்யூட்டரைத் தட்டிச் சேர்த்த பணத்துல பாதிய அந்த ராட்வீலர் தின்னுட்டுன்னு எங்கக்கா தலையில கை வச்சு உக்காந்திருக்கா. தோப்புல மூணு கோழி காணாமப் போன ராத்திரி அது எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். ஏசி ரூம்ல, ஒன் கால்மாட்டுல படுத்திருந்துச்சாம். நாயை உள்ள வச்சுப் பூட்டிட்டு, கோழிக்கூண்டுக் கதவைத் தொறந்து போட்ட சம்சாரிய நான் இப்பத்தான்யா பாக்குறேன்.

இதுல கீரி மேல பழியப் போடுற. பாவம்யா கீரி. அது பகல் வேலைக்காரப் பய. வெயில் ஏற ஏறத்தான் வேலியோரம் மூக்கை நீட்டிக்கிட்டு வரும். பொழுது சாய்ஞ்சா வளைக்குள்ள போய்ச் சுருண்டுக்கிடும். ராத்திரி வந்தவன் மரநாயா இருக்கும். பகல் பூராம் ஏதாவது பொந்துலயோ ஒன் ஓட்டுச் சாய்ப்பு இடுக்குலயோ தூங்கிட்டு, இருட்டுன பெறகு எறங்கும். பழந்தின்னிதான், பப்பாளி சப்போட்டான்னு மேஞ்சுக்கிட்டு இருக்கும். ஆனா கதவைத் தொறந்து வச்சு வான்னு கூப்பிட்டா அது மட்டும் என்ன சைவமா?

செத்த கோழிய போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டு, "பூர்வகுடி வாழ்க்கையின் வலிகள்"னு எழுதுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் குனிஞ்சு மண்ணைப் பாரு மாப்ள. காட்டுப்பூனை வந்தா கோழிய முழுசாக் கவ்விக்கிட்டுப் போயிரும். வேலி ஓரமா இறகு மட்டும் செதறிக் கெடக்கும். சாரையோ நல்லதோ வந்திருந்தா இறகும் இருக்காது, ரத்தமும் இருக்காது. அடையில வச்ச முட்டை பன்னெண்டு, விடிஞ்சா எட்டுன்னு கணக்குதான் ஒதைக்கும். உடும்பும் முட்டைத் திருடன்தான். பருந்தும் வல்லூறும் பகல்ல, திறந்த வெளியில, ஒன் கண்ணு முன்னாலயே குஞ்சைத் தூக்கும். ஆனா, ஏழெட்டுக் கோழி அங்கொண்ணு இங்கொண்ணா செத்துக் கெடந்து, ஒண்ணைக்கூடத் தின்னாம விட்டிருந்தா, முக்கால்வாசி நேரம் அது காட்டுலருந்து வந்ததா இருக்காது. தெரு நாய்க நாலு சேர்ந்து விளையாடிட்டுப் போயிருக்கும். இல்லேன்னா நீ பிஸ்கட் போட்டு வளர்க்கிற மகராசனே விளையாடியிருப்பான். திருடன் யாருன்னு தெரியாம போலீசை மாத்தி என்ன பிரயோசனம்?

சரி, அந்த ராட்வீலரை வித்துட்டு வேற நாய் வாங்கலாம்னு யோசிக்கிறதாச் சொன்ன. அதுலயும் பாரு, ஒனக்குப் பேரு பெத்த நாயாத்தான் வேணும். ராஜபாளையம் வாங்கட்டா, சிப்பிப்பாறை வாங்கட்டா, கோம்பை வாங்கட்டான்னு கேக்குற. நான் நம்ம ஊரு நாய்கள மட்டம் தட்டுவேனா? 2005ல தபால்காரங்க ஸ்டாம்பு அடிச்சாங்களே, அதுல ராஜபாளையம் நாய் இருக்கு. நம்ம ஆளுக எத்தனை பேரு ஸ்டாம்புல ஏறியிருக்கான்? ஆனா ஸ்டாம்பு வேற, தோப்பு வேற.

சிப்பிப்பாறை முயலை விரட்டுறதுக்குன்னு தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்த நாய். அது கண்ணு முன்னால எது ஓடுனாலும் அதுக்குக் காலு நிக்காது. கோழி என்ன செய்யும்? ஓடும். அதுக்கு ஓடாம இருக்கத் தெரியாது, இதுக்கு விரட்டாம இருக்கத் தெரியாது. இப்ப முயல் வேட்டைக்கும் வழி இல்ல, 1972ல போட்ட வனவிலங்குச் சட்டம் இருக்கு. வேலை இல்லாத வேட்டைநாயைக் கோழிக்கூட்டத்துல விட்டுட்டு, "எங்க வீட்டுச் சிப்பிப்பாறை ரொம்பச் சாது"ன்னு சொல்றவன் எல்லாம் என்கிட்டதான் பஞ்சாயத்துக்கு வர்றான்.

ராஜபாளையம் காவலுக்கு நல்ல நாய். ஆனா வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்குன்னு அழகு பாத்துப் பாத்தே இனம் சேர்த்ததுல, காது கேக்காத குட்டிக நிறையப் பொறக்குது. வாங்கப் போறவன் குட்டிக்குப் பின்னாடி நின்னு கையைத் தட்டிப் பாக்கணும். திரும்பிப் பாத்தா நாய். பாக்கலேன்னா, ஒங்க அத்தை கூப்பிடுறப்ப நான் இருக்கிற மாதிரி. அதுவாவது நெசமாக் கேக்காம இருக்கு. கோம்பை வீட்டுக் காவலுக்குக் கெட்டி. அதுக்குக் கோவம் கொஞ்சம் சாஸ்தி, பழக்குறவனுக்குப் பொறுமை அதைவிடச் சாஸ்தியா வேணும். ஒன் பொறுமை எனக்குத் தெரியும். பால் பொங்குறதுக்குள்ள மூணு தடவை போனைப் பாத்துட்டு, பொங்க விட்டுருவ.

நான் சொல்றதைக் கேளு. பேரு இல்லாத குட்டியா எடு. செவலையோ கருப்போ, காது நிமிந்ததோ மடங்குனதோ, அதெல்லாம் கோழிக்குத் தெரியாது. கீதாரி ஆட்டுக்கிடை போட்டிருக்காருல்ல, கம்மாய்க்குக் கெழக்க? அங்க போயிப் பாரு. கிடையில பொறந்த குட்டி, ஆட்டுக்குட்டியோட காலுக்குள்ளதான் கண்ணு முழிச்சிருக்கும். ஆட்டுப் புழுக்கை வாசத்துலயே வளந்திருக்கும். ராத்திரி வெட்டவெளியில ஆடு படுத்திருக்க, சுத்திச் சுத்தி வர்ற தாய் நாயைப் பாத்திருக்கும். அந்தத் தாய் நாய்க்கு எவன் கோர்ஸ் நடத்துனான்? அது தாயும் அப்படியே, அதோட தாயும் அப்படியே. ஆட்டைக் கடிச்ச குட்டிய கீதாரி வச்சுக்க மாட்டாரு, அவ்வளவுதான் சங்கதி. காலம் காலமா இப்படிக் கழிச்சுக் கட்டி மிச்சம் நின்ன ரத்தம் அது. தாயைப் பாத்துக் குட்டி எடு மாப்ள. பொண்ணு பாக்கப் போறப்ப நான் ஒனக்குச் சொன்னேன், நீ கேக்கல, இதுலயாவது கேளு.

பொட்டைக்குட்டியா எடு. கடுவன், மழைக்காலத்துல ஊர்ல எந்தப் பொட்டைக்குப் பருவம் வந்தாலும் வேலியைத் தாண்டிப் போயி, நாலு நாள் கழிச்சுக் காது கிழிஞ்சு வந்து நிக்கும். அந்த நாலு நாளும் மரநாய்க்குத் திருவிழா. பொட்டைக்கு அரசு கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டுக் கருத்தடை பண்ணிட்டா, வாசலைவிட்டு நகராது. அதுக்காக அக்கா தங்கச்சின்னு ரெண்டு குட்டியா ஒரே ஈத்துல தூக்கிட்டு வந்துறாத. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு வளரும், ஒன்னையும் பாக்காது, கோழியையும் பாக்காது. ஒண்ணு விரட்டுனா மத்தது சும்மா இருக்காது.

என் பேரன் ஒரு நாள் போன்ல ஒண்ணு காட்டுனான். ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல்னு ஒரு ஊராம், கடலோரத்துல சின்னத் தீவு, அதுல முழங்கால் ஒயரம்கூட இல்லாத குட்டிப் பென்குயின்க. கடல் வத்துறப்ப நரிக நடந்தே போயித் தின்னுத் தின்னு, 2005ல பத்துகூட மிஞ்சலையாம். பெரிய பெரிய படிப்பாளிக எல்லாம் கையைப் பெசஞ்சிக்கிட்டு நிக்கிறப்ப, கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர், என் கோழிக்குக் காவல் இருக்கிற நாயை அங்க விடுங்கன்னு சொல்லியிருக்காரு. மரேமான்னு இத்தாலி நாட்டு ஆட்டுக்காவல் நாய். 2006லருந்து விட்டிருக்காக. பென்குயின் மறுபடி நூறு தாண்டிருச்சாம். ஆட்டுக் காவலுக்குன்னு பொறந்த நாய் கோழியப் பாத்துச்சு, கோழியப் பாத்த நாய் பென்குயினையும் பாத்துச்சு. அதைச் சினிமாவாவே எடுத்துட்டாகளாம். நம்ம கீதாரி நாயை எவன் சினிமா எடுத்தான்? அது கெடக்கட்டும். ஒனக்கு நான் சொல்ல வந்தது, அந்த நாய் தீவுக்குப் போறதுக்கு முன்னாலயே றெக்கை அடிக்கிறதப் பாத்துப் பழகுன நாய்ங்கிறதுதான்.

அந்தப் பழக்கம் பொறந்து மூணு மாசத்துக்குள்ள ஏறணும். பால் மறந்த ரெண்டு மாசக் குட்டிய எடுத்துட்டு வந்து, மொத வேலையா, குஞ்சு பொரிச்ச தாய்க்கோழிகிட்ட விடு. நீயும் பக்கத்துல குத்தவச்சு உக்காரு. போனைச் சட்டைப்பைக்குள்ள போட்டுரு. குட்டி என்ன செய்யும், வாலை ஆட்டிக்கிட்டு, வயித்தைத் தரையில தேச்சுக்கிட்டு, குஞ்சை மோந்து பாக்கப் போகும். தாய்க்கோழி அதுவரைக்கும் சீய்ச்சிக்கிட்டே இருக்கும், கவனிக்காத மாதிரி. மூக்கு ஒரு முழம் கிட்ட வந்ததும் கழுத்து மயிரு சிலுத்து, றெக்கை ரெண்டையும் தரையோட விரிச்சு, உடம்பு ரெண்டு பங்கா ஊதி, "க்ர்ர்"னு ஒரு சத்தம். குட்டி காதைப் பின்னால இழுத்து யோசிக்கிறதுக்குள்ள மூஞ்சி மேல ஏறிருக்கும். மூக்குல ஒரு கொத்து, கண்ணுக்கு மேல ரெண்டு கால் நகத்தாலயும் ஒரு பிறாண்டு. "வீல்"னு கத்திக்கிட்டு ஒன் காலுக்குள்ள வந்து நுழையும். தூக்கிக் கொஞ்சாத. திட்டவும் செய்யாத. அங்க பாடம் நடக்குது, நீ பேசாம இரு. கண்ணு பக்கம் மட்டும் கவனமாப் பாத்துக்க, அவ்வளவுதான்.

அடுத்த நாளு அதே கோழி எதிர்ல வந்தா, குட்டி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, எங்கயோ வேலை இருக்கிற மாதிரி ஒதுங்கிப் போகும். அந்தத் திருப்பல்தான் மாப்ள நமக்கு வேணும். கோழியப் பாத்துட்டு வேற பக்கம் பாக்குற நாய் காவல்நாய். கோழியப் பாத்து அப்படியே வெறைச்சு நின்னு, வாலு ஆடாம, முன்னங்கால் ஒண்ணைத் தூக்கி வச்சு, கண்ணு இமைக்காம பாக்குற நாய், கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு. அந்தப் பார்வை வந்த மறுநிமிசம் "ஏய்"னு ஒரு அதட்டு அதட்டணும். கோழிய வாயில கவ்வுன பெறகு கம்பெடுத்தா, கம்பெடுத்தவன் கெட்டவன்னு மட்டும்தான் அதுக்குப் புரியும்.

ஆறு மாசம் தாண்டுனதும் ஒரு கிறுக்குப் பருவம் வரும். அதுவரைக்கும் குஞ்சுக்கு நடுவுல தூங்குன குட்டி, திடீர்னு கோழிய விரட்டி, கவ்வி, தூக்கிப் போட்டு விளையாடும். அதுக்குத் திங்கணும்னு நெனப்பு இல்ல. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமான்னு கேப்பாக, சாகாது. நாய் மிதிச்சா செத்துரும்யா. இந்தக் காலத்துல நீ இல்லாத நேரம் கட்டிப் போடு, இருக்கிற நேரம் கயித்தோட கூட்டிக்கிட்டு கோழிக்கு நடுவுல நட. ஒண்ணரை ரெண்டு வயசுல புத்தி நிலைக்கும். அதுக்குள்ள பொறுமை இழந்து, "இது சரிப்படாது மாமா"ன்னு கம்மாய்க்கரையில கொண்டு போய் விட்டுட்டு வர்றதுதான் நம்ம ஊரு வழக்கம். விட்ட நாய் என்ன செய்யும்? இன்னும் மூணு நாயைச் சேர்த்துக்கிட்டு ஒன் கோழியத்தான் தேடி வரும். வழி அதுக்குத் தெரியுமே.

இப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. செத்துப்போன குஞ்சை என்ன செய்யிற? நாய்க்குத் தூக்கிப் போடுறேல்ல? ஒடஞ்ச முட்டைய? அதையும் நாய் தட்டுல ஊத்துற. கோழி அறுத்தா தலையும் கொடலும் அதுக்குத்தான். மூணு வேளையும் கோழி ருசிய நாக்குல தடவி விட்டுட்டு, "எங்க நாய் எப்படி மாமா கோழி திங்கப் பழகுச்சு"ன்னு என்கிட்டயே கேக்குற. செத்ததைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதை. வெள்ளைக்கழிச்சல்ல செத்ததா இருந்தா இன்னும் ஆழமாப் பொதை. கீரியும் மரநாயும் சேர்ந்து ஒரு வருசத்துல திங்கிறத அந்த நோய் ஒரு வாரத்துல முடிச்சிரும், அதுக்கு எந்த நாயும் குரைக்காது. பொரிச்ச ஏழாம் நாள் சொட்டு மருந்து விட்டியான்னு கேட்டா, நாயைப் பத்தி மட்டும் பேசுவோம் மாமாங்கிற.

இன்னொரு கூத்து, சோத்துத் தட்டு. கோழி இருக்கிற எடத்துல பகல்ல நாய்க்குச் சோறு வைக்காத. கோழிக்கு மானம் ரோசம் கெடையாது, நேரா நாய் தட்டுக்குள்ள தலைய விடும். எப்பேர்ப்பட்ட சாது நாயும் தட்டு விசயத்துல "வவ்"னு ஒரு கவ்வு கவ்வும், கழுத்து ஒடிஞ்சிரும். கோழி அடைஞ்ச பெறகு, இருட்டுற நேரமாப் பாத்து, கூண்டுப் பக்கத்துல வச்சு ஊத்து. கேப்பைக் கூழோ குருணைச் சோறோ, ரெண்டு கருவாட்டுத் தலையோ. சாப்பிட்ட எடத்துலதான் நாய் படுக்கும். படுத்த எடத்தைத்தான் காக்கும். மிச்சம் இருந்தா எடுத்து வச்சிரு. விட்டா எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும், பாம்பு வந்தா நீ எனக்குப் போன் போடுவ.

குரைக்கிறதுக்கு வர்றேன். ஒன் நாய் ஏன் குரைக்கலேன்னு எனக்குத் தெரியும். வந்த புதுசுல அது குரைச்சிருக்கு. பக்கத்துத் தோப்புல நான்தான் கேட்டேனே. நீ ஜன்னலைத் தொறந்து "ச்சீ, சும்மா கெட"ன்னு செருப்பை எறிஞ்ச. அதையும் கேட்டேன். ரெண்டாவது ராத்திரியும் செருப்பு. மூணாவது ராத்திரி நாய் யோசிச்சிருக்கும்: கோழி போனா இவனுக்குக் கஷ்டம், குரைச்சா எனக்குக் கஷ்டம். படுத்துருச்சு. படிச்ச நாய்ல?

குரைச்சா எந்திரிக்கணும் மாப்ள. இதுக்குத்தான் நாய் வளக்கிறவன் பாதி பேரு தோத்துப் போறான். டார்ச்சை எடுத்துக்கிட்டு வெளிய வந்து, அது பாக்குற பக்கம் நீயும் பாரு. ஒண்ணும் இல்லாட்டியும் தலையத் தடவிட்டுப் போ. நாளாக நாளாக ஒனக்கே சத்தம் பிரிபடும். மனுசன் வந்தா கனமாக் குரைச்சு வேலி ஓரமா முன்னேறிப் போகும். பாம்புன்னா ஒரே எடத்துல நின்னு, கீச்சுக் குரல்ல, முன்னால ஒரு எட்டு பின்னால ரெண்டு எட்டுன்னு துள்ளும். அப்ப வெறுங்கால்ல ஓடிப் போயிறாத. மரநாய்னா அண்ணாந்து பாத்து, தென்னையில முன்னங்காலை ஊனிக்கிட்டு குரைக்கும். நீ வர்றேன்னு தெரிஞ்ச நாய்தான் இம்புட்டும் சொல்லும். வராதவன்கிட்ட எதுக்குச் சொல்லப் போகுது?

ராத்திரி சங்கிலியில கட்டாத. கட்டுன நாய் குரைக்கும், மரநாயும் ரெண்டு மூணு ராத்திரி பாத்துட்டு, சங்கிலி எம்புட்டு நீளம்னு அளந்து வச்சுக்கிடும். வேலியச் சரி பண்ணு, உள்ள அவுத்து விடு. அது சுத்திச் சுத்தி வந்து அங்கங்க மூத்திரம் விடுறதுலயே பாதிக் காவல் முடிஞ்சிரும், அந்த வாசத்துக்கே காட்டுப்பூனை ஒரு தடவை யோசிக்கும்.

ஆனா ஒண்ணு, ஆகாசம் நாயோட வேலை இல்ல. சில நாய் பருந்து நிழலைப் பாத்துக் குரைக்கும், அது ஒன் அதிர்ஷ்டம். நீ பழைய சிடிய எல்லாம் கட்டித் தொங்க விட்டிருக்கியே, பருந்து அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவிட்டுப் போகுது. குஞ்சு ஒரு மாசம் ஆகிற வரைக்கும் பஞ்சாரத்துல கவுத்து வை. பெறகு பதுங்குறதுக்கு முருங்கையும் நாலு செடியும் வேணும். தோப்பைச் சுத்தம் பண்றேன்னு புல்லைக்கூட விடாம வழிச்சுட்ட, கோழி எங்கடா ஒளியும்? நெஞ்சுரம் உள்ள சிறுவிடைத் தாய்க்கோழி ரெண்டு வச்சுக்க. பருந்தைக் கண்டா அது குடுக்கிற ஒத்தைச் சத்தத்துக்குக் குஞ்செல்லாம் மாயமாப் போயிரும்.

கூண்டுக்கு அரை இஞ்சுக் கம்பிவலை அடி. கோழிவலைன்னு கடையில குடுக்கிற பெரிய கண்ணு வலை கோழி வெளிய வராமத் தடுக்கும், பாம்பு உள்ள போறதைத் தடுக்காது. அடியில ஒரு அடி மண்ணுக்குள்ள எறக்கு. சாயந்தரம் கதவைப் பூட்டுறது ஒன் வேலை. நாய் கையால தாழ்ப்பாள் போடாது, அந்த வேலையும் பழக்கலாமான்னு யூட்யூப்ல தேடாத.

குருணை மருந்து வச்சுக் கீரியக் கொல்லலாம்னு எவனாவது சொன்னா, அவன் வீட்டுல தண்ணிகூடக் குடிக்காத. கீரி, நரி, உடும்பு எல்லாம் சட்டத்துல இருக்கிற உசுருக. ஜெயிலு ஒரு பக்கம் கெடக்கட்டும், விசத்தை மொதல்ல திங்கிறது ஒன் நாய்தான். அப்புறம் மலையடிவாரத்துல இருக்கோம்கிறதை மறந்துறாத. சிறுத்தை எறங்குச்சுன்னு பேச்சு வந்தா, அது கோழிக்கு வரல, நாய்க்கு வருது. அந்த வாரம் நாயையும் கூண்டுக்குள்ள அடைச்சிரு. வேணும்னா அப்ப ஏசி ரூம்ல படுக்க வச்சுக்க, நான் கேலி பண்ணல.

குட்டி வந்ததும் மூணாவது மாசம் வெறிநோய் ஊசி, பெறகு டாக்டர் சொல்ற தேதிக்கு அடுத்தது, அதுக்கப்புறம் வருசா வருசம். இதுல மட்டும் நையாண்டி இல்ல மாப்ள. கீரிக்கும் வெறி பிடிக்கும், நரிக்கும் பிடிக்கும். அதுகளோட கட்டிப் புரளுற நாய் அதே வாயோட வந்து ஒன் புள்ள கைய நக்கும். ஊசி போடாத நாயைக் காவலுக்கு வைக்காத. கீதாரிகிட்ட நானே சொல்லி வைக்கிறேன், அடுத்த ஈத்துல ஒரு குட்டி நமக்குன்னு.

ஊசிக்கு ராஜபாளையம் போற அன்னைக்கு என்னையும் கார்ல ஏத்திக்க. ஒங்க அத்தை எதுக்குன்னு கேப்பா. குட்டி வாந்தி எடுக்கும், பிடிச்சுக்க ஆள் வேணும்னு சொல்லிரு. ஊசி முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எண்ணெய்ப் பரோட்டாக் கடை இருக்கு. எனக்கு எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனா அவரு மனுச டாக்டரு. நாம போறது மாட்டு டாக்டர்கிட்டதானே?